வஸீலா கேட்ட தண்டனை

வேண்டுமென்றே ஒரு மணி நேரம் தாமதமாக வார்டுக்குள் நுழைந்தாள் வஸீலா.

தலைமை நர்ஸ் நஸீஹா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது வந்தியே, கண்ணு! இன்னொருத்தி வரவே இல்ல."

முதல் குற்றம் வீணாயிற்று.

முப்பத்திரண்டு படுக்கைக்கு அவளையும் சேர்த்து இரண்டே உதவியாளர்கள். நோயாளிகளைத் துடைப்பது, புரட்டுவது, ஊட்டுவது அவர்கள் வேலை. ஊசி போடுவதும் அவர்கள்தான். சம்பளம் மட்டும் துடைப்பதற்கு.

அவள் கணவன் லஸாத் நாட்டின் தெற்குக் கோடியில், தத்தாவின் என்ற ஊரில் வாத்தியார். கல்யாணமாகி மூன்று வருடம். சேர்ந்திருந்தது எழுபத்தொரு நாள். அங்கே மாற்றல் கேட்டு நான்கு முறை எழுதினாள். 'உங்கள் இடத்துக்கு ஆள் இல்லை' என்று நான்கு முறை பதில் வந்தது. ஆனால் இங்கே வடக்கில் தப்புச் செய்கிறவர்களை அந்தத் தண்ணியில்லாக் காட்டுக்குத்தான் தூக்கியடித்தார்கள். தண்டனைக்கு மட்டும் ஆள் பற்றாக்குறை கிடையாது.

"திட்டினாங்களா?" போனில் லஸாத் ஆவலாகக் கேட்டான்.

"கொஞ்சினாங்க."

"இன்னும் பெருசா ஏதாச்சும் பண்ணு, வஸீலா."

"சாப்பிட்டீங்களா?"

"ரொட்டி, தொட்டுக்க ஹரிஸ்ஸா மிளகாய் விழுது."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"எதிர்ல உன் போட்டோ."

மறுநாள் அவள் ஊசியைத் தொட மறுத்தாள். "இது என் வேலை இல்ல. வேலை உத்தரவுல எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

நஸீஹா கத்தினாள். ஆஸ்பத்திரி இயக்குநர் வந்தார். உத்தரவை வாங்கி இருமுறை படித்தார்.

"இவ சொல்றது சரி. இனிமே நர்ஸுங்களே போடட்டும்."

விதிமுறையைக் காத்ததற்காகப் பாராட்டுக் கடிதம் வந்தது. நேரம் மிஞ்சியதால் ஒரு நோயாளியின் அருகில் உட்கார்ந்து தலை வாரிவிட்டாள். "ஆறு வாரமா கிடக்கிறேன். இன்னைக்குத்தான் ஒருத்தி பக்கத்துல உட்கார்ந்தா" என்று அந்த அம்மாள் இன்னொரு பாராட்டு எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள், படிக்கட்டில், எல்லோர் முன்னிலையிலும், இயக்குநரை மறித்தாள்.

"ஒரே ஒரு நாள் முப்பத்திரண்டு பேரைத் தூக்கிப் புரட்டிப் பாருங்க! அப்புறம் சொல்லுங்க, இந்தச் சம்பளத்துக்கு எவன் குனிவான்னு!"

அவர் முகம் சிவந்தது. விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

அன்று மாலை வஸீலா பெட்டி கட்டினாள். மெல்லிய துணிகளாகப் பார்த்து வைத்தாள். தெற்கில் வெயில் அதிகம்.

காலையில் ஊழியர் சங்கத்துக்காரர்கள் கேக்கோடு வந்தார்கள்.

"உன்னைப் பிரதிநிதியாத் தேர்ந்தெடுத்துட்டோம், அக்கா! இனி உன்னை எவனும் இங்கிருந்து அசைக்க முடியாது. மாத்தினா ஆஸ்பத்திரியே நின்னுடும்!"

வஸீலா அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

"பெட்டியைப் பிரிச்சிட்டேன்" என்றாள் போனில்.

மறுமுனையில் ஏதோ இரைந்தது.

"அங்க காத்து அடிக்குதா?"

"அடிக்குது. கேளு."

போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான் போலும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். காசு தீரும்வரை.

ஒரு வாரம் கழிந்தது. இயக்குநரின் அறை வாசலில் நிற்கும் மொங்கி மூச்சிரைக்க வார்டுக்கு வந்தார்.

"மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்திருக்கு. தத்தாவினுக்கு!"

அவள் கையிலிருந்த தட்டு விழுந்தது. வஸீலா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப, அண்ணே? எப்பக் கிளம்பணும்?"

"நீ எங்கம்மா கிளம்புற? உத்தரவு நம்ம இயக்குநருக்கு! நீ படிக்கட்டுல கேட்டதை அவர் மேலிடத்துக் கூட்டத்துல வார்த்தை மாறாம கேட்டுட்டாராம். நாளைக்குப் புறப்படுறார், உன் வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் கொடுத்து விடுறியான்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."