மாதிரிக் கவசத்தில் ஐந்து விரல்

எங்கள் அலுவலகத்தின் பெயர் தொன்மைப் போர்த் தலைக்கவச உருமறைப்பு வண்ண மெய்த்தன்மைச் சான்றுப் பிரிவு. பெயர்ப்பலகை அறையைவிட நீளம். அதனால் கடைசி இரண்டு சொற்கள் பக்கத்துக் கழிப்பறைக் கதவுக்கு மேலே இருக்கின்றன. வருகிறவர்கள் முதலில் அங்கேதான் தட்டுவார்கள்.

வசதியானவர்கள் வரவேற்பறையில் பழைய போர்த் தலைக்கவசத்தைத் தொங்கவிடுவது நாகரிகமாகிவிட்ட காலம் இது. எதிரி கண்ணில் படாமலிருக்க அந்நாளில் பூசிய பச்சை, இந்நாளில் விருந்தாளி கண்ணில் படாவிட்டால் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. அந்தப் பச்சை அசலா போலியா என்று தீர்ப்பது நாங்கள். எங்களிடம் கண்ணாடிப் பெட்டிக்குள் அரசு முத்திரையிட்ட மாதிரிக் கவசம் ஒன்று இருக்கிறது. அதோடு ஒத்துப்போனால் சான்றிதழ். ஒத்துப்போகாததைப் போலி என்று வெள்ளிக்கிழமைதோறும் இயந்திரத்தில் கொடுத்து நசுக்கிவிடுவோம். சான்றில்லாமல் யாரும் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம்.

இங்கே ஒரு விஷயத்தை மெதுவாகச் சொல்லிவிடுகிறேன். சத்தமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நல்ல பேர் வாங்கலாமே என்று அந்த மாதிரியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கவசம் பளபளவென்று வெளியே வந்தது. வண்ணம் வாளியிலேயே தங்கிவிட்டது. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சையைக் கொண்டுவந்து, பிரஷ் அகப்படாமல் ஐந்து விரலாலும் பூசிவைத்தேன். மறுநாள் கண்காணிப்பாளர் உற்றுப் பார்த்தார். பச்சை ஒட்டிய விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"தூசி போனதும் என்ன கம்பீரம் பாத்தியா!" என்றார்.

அதன்பின் மூன்று வருடம். அசலாக வந்ததெல்லாம் நசுங்கியது. எங்கள் ஜன்னல் நிறத்தில் வந்ததெல்லாம் சான்றிதழோடு போனது.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். எண்பத்தைந்து வயது இருக்கும். துணிப்பையிலிருந்து ஒரு கவசத்தை எடுத்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல மேசைமேல் வைத்தார்.

"இது என்னோடது இல்ல தம்பி. என் கூட்டாளியோடது. பெயின்ட் பத்தலைன்னு சேத்தைக் குழைச்சு அவனே விரலால பூசினான். மறுநாள் அவன் இல்ல. அவன் விரல் மட்டும் இதுல இருக்கு. சுண்டுவிரல் கொஞ்சம் கோணல், பாருங்க."

பார்த்தேன். கோணல்தான்.

கண்காணிப்பாளர் மாதிரியைப் பக்கத்தில் வைத்தார். "பச்சை மங்கல். பளபளப்பு இல்ல. போலி. வெள்ளிக்கிழமை."

"ஐயா, அவன் பூசும்போது நான் பக்கத்துலயே இருந்தேன்!"

"கொண்டுவந்தவர் சொல்றது செல்லாது. போர்க்களத்துல இருந்த இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டா, மாதிரியோட ஒத்துப்பாக்கவே தேவையில்ல. இருக்காங்களா?"

"எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்களே."

"அப்ப இதுவும் போகட்டும்."

பெரியவர் அந்தக் கோணல் தடத்தின்மேல் தன் சுண்டுவிரலை வைத்துக்கொண்டார். என் வாய் தானாகத் திறந்தது.

"சார், அந்த மாதிரியைப் பூசினது நான்தான்."

"ஆதாரம்?"

எங்கள் அலுவலகத்தில் ஆதாரமில்லாமல் குற்றத்தைக்கூட வாங்கிக்கொள்ள மாட்டார்கள். மாதிரியை எடுத்துப்போய், அதிலிருந்த பெருவிரல் தடத்தை வாசலிலுள்ள வருகைப்பதிவு இயந்திரத்தில் வைத்தேன்.

"நன்றி. பணி எண் நாற்பத்தொன்று. தாமதமாக வந்துள்ளீர்கள்" என்றது.

கண்காணிப்பாளர் மாதிரியை வாங்கி அதன் முத்திரையைத் திருப்பிப் பார்த்தார். "பூசினது நீதான்."

"ஆமா சார்."

"மாதிரி அறுபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தினது. முத்திரை இருக்கு. அப்ப நீ அந்தப் போர்ல இருந்திருக்கே."

"சார், எனக்கு இருபத்தாறு வயசு!"

"நீ குடுத்த பிறப்புச் சான்றிதழ் வெறும் ஜெராக்ஸ். இது அரசு முத்திரை. நான் எதை நம்பறது?" சட்டென்று எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "உக்காருங்கய்யா. இந்த வயசுல உங்களைப் போய் டீ வாங்க அனுப்பிட்டேனே!"

அன்று மாலையே எனக்குப் பணி ஓய்வு. வயது வரம்பைப் பல ஆண்டுகள் மீறிப் பணியாற்றியதற்கு விளக்கமும் கேட்டிருந்தார்கள். ஓய்வு ஆணை கைக்கு வந்ததும் சாட்சிப் படிவத்தை இழுத்து, 'போர்க்களத்தில் நேரில் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது. வயசாகிவிட்டதல்லவா என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

கவசம் பத்திரமாகத் துணிப்பைக்குள் போயிற்று. படியிறங்கும்போது பெரியவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து வாங்கண்ணே."

"ஐயா, நீங்களுமா?"

"கவசம் வச்சிருக்கறவங்க வருஷா வருஷம் போர்வீரருக்குப் பாராட்டு விழா எடுக்கறாங்க. மேடையில ஒத்தை நாற்காலிதான் போடுவாங்க. பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது. இந்த வருஷம் ரெண்டு போடச் சொல்றேன்."

போனேன். "அந்த அழுக்குக் கவசம் வேண்டாங்க, போட்டோவுல எடுப்பா இருக்காது" என்று அதை மட்டும் மேடைக்குக் கீழே வைக்கச் சொன்னார்கள். பெரியவர் அசையவில்லை. மடியிலேயே வைத்திருந்தார். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். போரைப் பற்றி மெதுவான குரலில் ஏதோ சொன்னேன். சபையில் எல்லோர் தலையிலும் சான்றிதழ் பெற்ற கவசம். எங்கள் வீட்டு ஜன்னல்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து கண்ணீர் விட்டன.