புதன்கிழமை வரைக்கும்

இனோகாவின் வலது காலில் செருப்பு நுழைய மறுத்தது. இடது கால் முந்தின நாளே மறுத்திருந்தது. ஆகவே ஏப்ரல் முதல் தேதி காலை, கணவன் பிரியந்தவின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கொஸ்கஹவெல பிரதேச செயலகத்துக்கு வந்து, பிறப்பு இறப்புப் பதிவுக் கவுன்டரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான், இனி எழுந்திருக்கவும் வேண்டுமே என்பது நினைவுக்கு வந்தது.

எட்டாம் மாதம். நெஞ்செரிச்சல் காலையில் அவளுக்கு முன்பே எழுந்துவிடும். இடுப்பு ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக நடந்தார்கள்.

"ஜயதிஸ்ஸ அண்ணே, இன்னிக்கே லீவு எழுதிக் கொடுத்துடட்டுமா?" என்று பக்கத்து மேசையைக் கேட்டாள்.

"தாராளமா எழுது தங்கச்சி. உடம்பு முக்கியம்" என்றார் ஜயதிஸ்ஸ, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

எழுதியிருப்பாள். ஆனால் ஒரு கணக்கு உதைத்தது. தாய்மை லீவு எண்பத்து நான்கு வேலை நாள். சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா, அரசு விடுமுறை எதுவும் அதில் சேராது. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் எடுக்கிற ஒவ்வொரு நாளும் பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாளைத் தின்றுவிடும். பிள்ளை பிறக்க டாக்டர் குறித்திருப்பது மே இருபத்தெட்டு. பதுளையில் டீச்சராக இருக்கும் அம்மா ஓய்வு பெறுவதோ செப்டம்பர் பதினெட்டு. அன்று சாயங்கால பஸ்ஸிலேயே வந்து பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். இன்றைக்கே லீவு தொடங்கினால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் முடிந்துவிடும். நடுவில் ஆறு வாரம் பிள்ளையை யார் பார்ப்பது? அரைச் சம்பளத்தில் இன்னும் கொஞ்சம் லீவு எடுக்கலாம்தான். அரைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பக்கத்து வீட்டு நோனா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஆனால் அந்த வீட்டுக் கிளி பேசுகிற வார்த்தைகளைக் கேட்டபின் இனோகா அந்த யோசனையைக் கைவிட்டாள்.

"நாளைக்கு எழுதறேன்" என்று படிவத்தை மடித்து வைத்தாள்.

மறுநாள் தபால் வந்தது. அலுவலக உதவியாளர் சீலாவதி அக்கா எல்லார் மேசையிலும் தபாலும் தேநீரும் வைத்துவிட்டுப் போனாள். அரை மணி நேரம் கழித்து ஜயதிஸ்ஸ ஒரு காலண்டரோடு வந்து இனோகாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உன் விஷயத்த யோசிச்சேன். இப்போ லீவு எடுக்கிறது முட்டாள்தனம்."

"நேத்து தாராளமா எடுன்னீங்களே?"

"நேத்து காலண்டர் பாக்கல. பாரு, சித்திரைப் புத்தாண்டு வருது. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இந்த கந்தோர்ல எவன் வேலை செய்யறான்? சும்மா உக்காந்திருந்தாலே ஏப்ரல் ஓடிடும். அந்த நாளையெல்லாம் பிள்ளைக்குன்னு சேத்து வை."

இனோகாவுக்குக் கண் கலங்கியது. ஜயதிஸ்ஸவின் வீடு மாத்தறையில். மனைவி அங்கே, கடல் அங்கே, அவர் மட்டும் பதினோரு வருடமாக இங்கே ஓர் அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, வீட்டுக்காரி தினமும் சமைக்கும் பலாக்காய்க் கறியைத் தின்றுகொண்டிருந்தார். மாதம் ஒருமுறை ஏழு மணி நேரம் பஸ்ஸில் போய் வருவார். இத்தனை கஷ்டத்திலும் தன்னைப் பற்றி யோசிக்கிறாரே என்று நெகிழ்ந்தாள்.

"கால்தான் அண்ணே தாங்கல."

"காலுக்கு வழி பண்ணிடலாம்."

அவர் பண்ணிய வழி, பதிவேட்டு அறையிலிருந்து கயிறு போட்டுக் கட்டிய ஒரு மூட்டையை இழுத்து வந்து அவள் காலுக்கடியில் போட்டது. 1987ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவேடுகள். உயரம் கச்சிதமாக இருந்தது. அன்று மத்தியானம் கடவுச்சீட்டுக்காகப் பிறப்புச் சான்றிதழ் நகல் கேட்டு ஒருவர் வந்தார்.

"எந்த வருஷம்?"

"எண்பத்தேழு."

இனோகா கீழே பார்த்தாள். வயிறு தெரிந்தது. அதற்கப்பால் எண்பத்தேழு இருந்தது. குனிய முடியவில்லை. காலை எடுக்கவும் யாராவது தூக்கிவிட வேண்டும். வந்தவர் கவுன்டருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நான் பொறந்தது உங்க காலுக்குக் கீழயா இருக்கு?"

"மன்னிச்சிக்கங்க."

"பரவால்ல மிஸ். பொறந்ததுலருந்து மிதிபட்டுட்டுத்தான் இருக்கேன்" என்று அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஆனால் போகும்போது புகார்ப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டுப் போனார்.

நிர்வாக அதிகாரி ஹேரத் சார் புகாரைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். "இனோகா, நீங்க லீவுல போயிடுங்களேன். உங்க கவுன்டர் வேலை ஜயதிஸ்ஸவுக்குத் தெரியும். நீங்க போற நாள்லருந்து திரும்பி வர்ற நாள் வரைக்கும் அவர் பாத்துக்கட்டும்."

அது உண்மைதான். இரண்டு வருடத்துக்கு முன் அவள் டெங்குக் காய்ச்சலில் படுத்தபோது ஜயதிஸ்ஸதான் அந்தக் கவுன்டரைப் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு அம்மாள் குடையால் அடித்தாள். இறந்துபோன புருஷனுக்கு அவர் பிறப்புச் சான்றிதழ் கொடுத்திருந்தார். அந்தக் கவுன்டரைக் கடக்கும்போது இப்போதும் ஒரு கையால் தலையை மறைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட மனிதர் புத்தாண்டு முடிந்ததும் மறுபடி காலண்டரோடு வந்தார்.

"மே முதல் தேதி லீவு. அப்புறம் வெசாக் பண்டிகை ரெண்டு நாள். வெசாக் தாண்டிட்டா நீ ராணி."

"உக்கார முடியல அண்ணே. முதுகு விட்டுப் போகுது."

ஜயதிஸ்ஸ மாநாட்டு அறையிலிருந்து மெத்தை வைத்த சுழல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரதேச செயலாளர் மட்டுமே உட்காரும் நாற்காலி. இனோகா அதில் சாய்ந்ததும் பெருமூச்சு விட்டாள். நாற்காலியும் விட்டது. அதன் காற்று அழுத்தம் இரண்டு பேருக்குத் தாங்காது போலிருந்தது. மெதுவாக, மரியாதையோடு, தரையை நோக்கி இறங்கியது. சற்று நேரத்தில் கவுன்டருக்கு வெளியே நின்றவர்களுக்கு அவளுடைய வகிடு மட்டும் தெரிந்தது.

"இங்க ஆள் இருக்கா?" என்றார் ஒரு பெரியவர்.

"இருக்கேன்."

"எங்க?"

"கீழ."

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இறப்புப் பதிவுக்கு வந்தேன். சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கேனா?"

நெஞ்செரிச்சலுக்குச் சீலாவதி அக்கா வழி சொன்னாள். வேளைக்கு ஒரு செவ்விளநீர். எரிச்சல் அடங்கியது. அதற்குப் பதிலாகக் கால் மணிக்கொரு தடவை கழிவறைக்குப் போக வேண்டி வந்தது. கழிவறை கட்டடத்தின் பின்பக்கத்தில். போக நாற்பது அடி, வர நாற்பது அடி, அந்த நாற்காலியிலிருந்து அவளைக் கிளப்ப இரண்டு பேர். வரிசை வாசல் வரை நீண்டது.

வெசாக் கழிந்த மறுநாள் இனோகா படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். "போதும் அண்ணே. செப்டம்பர்ல பக்கத்து வீட்டுக் கிளிகிட்டயே பிள்ளைய விட்டுக்கறேன்."

ஜயதிஸ்ஸ பேனாவை மெதுவாக அவள் விரலிலிருந்து உருவினார். "இருபதாம் தேதி புதன்கிழமை. நல்ல நேரமெல்லாம் பாத்துட்டேன். புதன் காலையில எழுதிக் கொடுத்துட்டுப் போ, நானே கையப் பிடிச்சு ஆட்டோல ஏத்தி விடறேன். அதுக்கு முன்னாடி வேண்டாம். இவ்வளவு தூரம் நாம வந்துட்டோம் இல்லையா?"

"நாம" என்று அவர் சொன்னது அவள் மனதைத் தொட்டது. பிரியந்தகூட இன்னும் அப்படிச் சொன்னதில்லை.

"கழிவறை?"

"அதுக்கும் வழி இருக்கு."

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்தவர்கள் பிறப்பு இறப்புப் பதிவுக் கவுன்டரைக் காணாமல் திகைத்தார்கள். அது பின்பக்கத் தாழ்வாரத்தில், கழிவறைக் கதவை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. இனோகாவுக்கு இரண்டே அடி. அதுவரை நல்லது. ஆனால் வரிசை கழிவறை வாசலை அடைத்து நின்றது. பதிவுக்கு வந்தவர்கள் கழிவறைக்கு வரிசை என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள். கழிவறைக்கு வந்தவர்களை, "டோக்கன் எடுத்தாச்சா?" என்று வரிசைக்காரர்கள் மறித்தார்கள். கணக்குப் பிரிவு மிஸ் ஒருத்தி கண்ணீரோடு திரும்பினாள். பதினொரு மணிக்கு ஹேரத் சாரே வந்தார். வரிசையில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இருபது நிமிடம் ஒற்றைக் காலிலும் மாற்றுக் காலிலுமாக நின்று, தன் முறை வந்தபோது இனோகாவின் வகிட்டுக்கு முன்னால் நின்றார்.

"பிறப்பா, இறப்பா?" என்றாள் இனோகா, நிமிராமல்.

"ரெண்டுக்கும் நடுவுல" என்றார் ஹேரத் சார்.

அரை மணி கழித்து அவருடைய அறையில் கூட்டம் நடந்தது. "இனோகா, நாளைக்கே லீவுல போங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

அப்போது ஜயதிஸ்ஸ எழுந்தார். பதினோரு வருடத்தில் அவர் எந்தக் கூட்டத்திலும் எழுந்தது தேநீர் எடுக்க மட்டும்தான். "சார், தாய்மை லீவு அவங்க உரிமை. எப்போ தொடங்கணும்னு தாய்தான் சொல்லணும். வேற யாருக்கும் சொல்ல அதிகாரம் கிடையாது."

அறையில் பெண்கள் கை தட்டினார்கள். ஹேரத் சார் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "உமக்கு இது அவ்வளவு முக்கியமா, ஜயதிஸ்ஸ?"

"மனிதாபிமானம் சார்."

கவுன்டர் பழைய இடத்துக்குத் திரும்பியது. இனோகா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜயதிஸ்ஸ ஒவ்வொரு நாளும் சாயங்காலம் காலண்டரில் ஒரு கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார். விசிறினார். எண்பத்தேழு கேட்டு யாராவது வந்தால் தானே தவழ்ந்து போய் எடுத்துக் கொடுத்தார். "அவரு பொண்டாட்டிக்குக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாரு" என்று கணக்குப் பிரிவில் பேசிக்கொண்டார்கள்.

பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. ஒரு இளைஞன் நீட்டிய விண்ணப்பத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்தை இனோகா சரிபார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பேனாவைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ஜீப்பக் கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"வந்துடுச்சு."

ஜயதிஸ்ஸ காலண்டரை எட்டி எடுத்தார். "இன்னிக்கு வெள்ளிதானே? இருக்காது தங்கச்சி. அது சும்மா வலியா இருக்கும். திங்கள் ஒரு நாள், செவ்வாய் ஒரு நாள். கொஞ்சம் பொறுத்துக்க முடியாதா?"

"நான் பொறுப்பேன். உள்ள இருக்கிறது உங்க காலண்டர் பாக்கல."

நாற்காலியோடேயே அவளை ஜீப் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனார்கள். பிரதேச செயலாளரின் நாற்காலி வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஜீப்பில் ஏற்றும்போது இனோகா திரும்பிப் பார்த்தாள். ஜயதிஸ்ஸ வாசல் தூணைக் கட்டிக்கொண்டு, தோள் குலுங்க, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். ஹேரத் சார் அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். வலி நடுவிலும் இனோகா அவருக்குக் கையசைத்தாள்.

அன்று மாலை பையன் பிறந்தான். மூன்று கிலோ நூறு கிராம், முழுக் குரல். லீவில் ஒரு நாள்கூட வீணாகவில்லை. பிரியந்த விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். எண்பத்து நான்காம் நாள் செப்டம்பர் பதினெட்டிலேயே போய் விழுந்தது. பதுளைக்கு போன் போட்டான். அம்மா அந்தப் பக்கத்தில் அழுதாள், இந்தப் பக்கத்தில் இனோகா அழுதாள், அதைப் பார்த்துப் பிள்ளையும் சேர்ந்துகொண்டது. ஆறு வாரமாக அவள் நெஞ்சில் இருந்த எரிச்சலில் பாதி பயம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சீலாவதி அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பாற்சோறும் வாழைப்பழமும் கொண்டு வந்திருந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"கந்தோர்ல எல்லாரும் சௌக்கியமா அக்கா?"

"சௌக்கியந்தான்."

"ஜயதிஸ்ஸ அண்ணன்?"

"உன் கவுன்டர்லதான் இருக்காரு. நேத்து மறுபடி குடை அடி."

"பாவம், அவர் மட்டும் இல்லைன்னா என் லீவு பாதி முன்னாடியே கரைஞ்சிருக்கும். கூடப் பொறந்தவன்கூட அப்படி அழ மாட்டான் அக்கா. அதான் பிள்ளைக்கு அவர் பேரையே வச்சுட்டோம். ஜயதிஸ்ஸ. அறுபது வயசு ஆளு பேரா இருக்கேன்னு இவரு முனகினாரு. நான் விடல."

சீலாவதி அக்கா பிள்ளையைத் தட்டுவதை நிறுத்தினாள். "பேரைப் பதிஞ்சாச்சா?"

"காலையிலதான் எழுதிக் கொடுத்தோம். ஏன்?"

சீலாவதி அக்கா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இனோகாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி, ஏப்ரல்ல அவருக்கு மாத்தறைக்கு மாற்றல் வந்துச்சு, மே பத்தொம்பதாம் தேதி வரைக்கும் இனோகா நாற்காலி காலியாகாம இருந்தா நீர் ஊருக்குப் போலாம், காலியாச்சுன்னா அவங்க திரும்பி வர்ற வரைக்கும் அதுல நீர்தான் உக்காரணும்னு ஹேரத் சார் அவர்கிட்ட சொன்னப்ப, பக்கத்துல டீ ஊத்திட்டிருந்தது நான்தான்."