மொட்டைமாடியில் ஃபின்லாந்து

மனித குலம் இதுவரை கண்ட தோட்டங்களில் தலைசிறந்தது பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் இருந்தது. பெயர் ‘உலகப் பெர்ரித் தோட்டம்’. அதை நடத்தும் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மனைவி மோகனா இறந்துவிட்டதால் எனக்கு மாலை நேரம் காலி என்று சங்கம் ஏகமனதாகக் கண்டறிந்திருந்தது.

தலைவர் குணாளன் அண்ணன் ஒருமுறை ஃபின்லாந்துக்குச் சுற்றுலா போய், சதுப்பு நிலத்தில் விளையும் கிளவுட்பெர்ரியைத் தின்று திரும்பியவர். அன்று முதல் உள்ளூர்ப் பழம் அவருக்குச் செரிப்பதில்லை. சிலியின் மாக்கி, ஹொக்கைடோவின் ஹாஸ்காப், கனடாவின் சாஸ்கட்டூன் என்று தொட்டிகள் வந்து இறங்கின. எல்லாம் உயர்குடிச் செடிகள். பினாங்கு வெயிலோடு பேச்சுவார்த்தைக்கே இடம் கொடுக்காமல் காய்ந்தன.

கூடவே வந்த கிளவுட்பெர்ரிக்கு மட்டும் உயிர் இருந்தது. பொருளாளர் லைலா அக்கா டீயும் குளிர்பானமும் விற்கும் தன் தண்ணீர்க் கடையிலிருந்து தினமும் ஐஸ் கொண்டுவந்து அதன் காலடியில் கொட்டினார்.

“அண்ணே, ஐஸ் போட்டும் இலை சுருளுதே?”

“அங்க கோடைல ராத்திரியே கிடையாதுலா. இங்க இருட்டினா பயப்படுது. லைட்டைப் போடுங்க.”

விளக்கு போடப்பட்டது. செடி மேலும் சுருண்டது. குளிர்சாதனக் கூண்டு கட்டத் தீர்மானம் நிறைவேறியது. இடம்தான் இல்லை. மூலையில், மண் நிரப்பிய பழைய தண்ணீர்த் தொட்டியில் ஒரு மல்பெர்ரி மரம், யாருடைய தீர்மானமும் இல்லாமல் காய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி, இது எந்த நாடு?” என்று என்னிடம் கேட்டார் அண்ணன்.

“பாலிக் புலாவ், நம்ம தீவுக்கு அந்தப் பக்கம். மோகனா கொண்டுவந்து நட்டது.”

“பாலிக் புலாவ் உலகத்துல சேராதே.”

“விட்டுடுங்கண்ணே. அவ வச்சதுல மிச்சம் இது ஒண்ணுதான்.”

“இங்க தானா வளர்றதை வளர்க்க சங்கம் எதுக்கு? நீங்களே சொல்லுங்கக்கா.”

லைலா அக்கா வாய் நிறைய மல்பெர்ரியோடு தலையாட்டினார்.

சனிக்கிழமை மரம் வெட்டப்பட்டது. கூண்டு எழுந்தது. செவ்வாய்க்கிழமை மின்சாரம் போனது. கிளவுட்பெர்ரியும் போனது.

இரங்கல் கூட்டத்துக்கு அடுக்குமாடியே திரண்டது. மோகனாவுக்கான இரங்கல் கூட்டம் ஆள் சேராமல் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. சங்கத்தின் வளர்ச்சிக்கு வேறு சான்று வேண்டுமா?

மரம் இருந்த மூலையில் கூண்டைச் சுற்றி நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தோம். குணாளன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை வைத்தார்.

“வீட்ல ஒரு ஆள் போன மாதிரி இருக்கு தம்பி. உனக்கு எங்க புரியப்போவுது!”