நக்கோ அண்ணன் தள்ள மறுத்த சொல்

வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியே மாதாமாதம் சம்பளம் வாங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார். புனேயில், மகர்பட்டாவில், ஏழாவது மாடியில். மராத்தியில் 'நக்கோ' என்றால் வேண்டாம். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் நக்கோ சர். அந்த ஆபீஸில் அவரை விட்டால் தமிழ் பேச நான் ஒருத்திதான் என்பதால், எனக்கு மட்டும் நக்கோ அண்ணன்.

இன்டர்நெட்டில் எதையாவது தேடினால் முதலில் நாலு விளம்பரம் வந்து நிற்குமே, அதை வைத்துப் பிழைத்த கம்பெனி எங்களுடையது. அந்த விளம்பரத்தை யார் தொட்டாலும் விளம்பரம் கொடுத்தவர் கையிலிருந்து பணம் போகும். வாங்க வந்தவர் தொட்டாலும் போகும், பொழுது போகாதவர் தொட்டாலும் போகும். பல் டாக்டரின் விளம்பரத்தைப் பல் டாக்டரிடம் வேலை தேடுகிறவன் தொட்டால், டாக்டருக்குத் தண்டம். அதனால் 'வேலை', 'சம்பளம்', 'இலவசம்' மாதிரி வார்த்தைகளோடு தேடுகிறவர்களுக்கு எங்கள் விளம்பரத்தைக் காட்டாதே என்று ஒரு பட்டியல் கொடுத்துவைக்க வேண்டும். அதுதான் நெகட்டிவ் லிஸ்ட். அந்தப் பட்டியலுக்கு ஏகபோக சக்கரவர்த்தி நக்கோ அண்ணன்.

தொழில் அவருடைய ரத்தத்தில் ஏறிவிட்டது. கீழே டீக்கடையில் போய் நின்றால் இஞ்சி நக்கோ, ஏலக்காய் நக்கோ, சர்க்கரை நக்கோ, பேப்பர் கப் நக்கோ. கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், டீயாவது வேணுமா அதுவும் நக்கோவா என்று கேட்டுவிட்டார். வாடகைக்கு வீடு பார்த்தபோது புரோக்கரிடம் வேண்டாதவற்றை நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாராம். லிப்ட் நக்கோ, மேற்கு வெயில் நக்கோ, கீழ் வீட்டில் நாய் நக்கோ. எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்ததில் புனே முழுக்க மிஞ்சியது ஒரே வீடு. விஷ்ராந்த்வாடியில் அவர் ஏற்கெனவே குடியிருந்த, அவர் பிறந்த வீடு. வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த அவருடைய அப்பா வாங்கியது. அதிலும் சமையலறை ஜன்னல் நக்கோ என்று குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அவருடைய நாற்பத்தாறாவது பிறந்தநாளுக்கு ஆபீஸில் கேக் வெட்ட ஆசைப்பட்டோம். முட்டை நக்கோ, கிரீம் நக்கோ, மெழுகுவர்த்தி நக்கோ, பாட்டு நக்கோ என்றார். கடைசியில் மேஜைக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம் பெரிய சைஸ் பன். அதை நாங்கள் பன்னிரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு கைதட்டினோம்.

ஸ்கூட்டர் இல்லாத ஆளை புனேயில் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள். அண்ணன் தினமும் இரண்டு பஸ் மாறி வந்தார். கேட்டால் பெட்ரோல் நக்கோ, ஹெல்மெட் நக்கோ, டிராபிக் நக்கோ. நானும் நம்பிவிட்டேன். மழை கொட்டிய ஒரு சாயங்காலம் என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கூப்பிட்டேன். நான் கோயமுத்தூர்க்காரிதான், ஆனால் புனே ரோட்டுக்கு வந்த ஆறே மாதத்தில் என் கட்டைவிரல் ஹார்ன் பொத்தானோடு ஒட்டிப்போயிருந்தது. அண்ணன் குடையை விரித்தார். "உன் கை எப்பவும் ஹார்ன் மேலயே கீது. நக்கோ மா" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே நடந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கிடக்கட்டும், நனையட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்ட ஆள் வார்த்தைகளைக் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பட்டியலில் தள்ளுவார் என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் விஷயமே. மக்கள் என்னென்ன தட்டித் தேடிவிட்டு எங்கள் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்று திங்கள்கிழமைதோறும் ஒரு ரிப்போர்ட் வரும். மற்றவர்கள் அதைப் பார்த்தாலே கொட்டாவி விடுவார்கள். அண்ணன் அதைப் பேப்பரில் எடுத்து, கையில் பென்சிலோடு, தொடர்கதை படிக்கிற மாதிரி படிப்பார். ஒவ்வொரு வரியிலும் நின்று, "இவரு யாரு மா?" என்று கேட்பார். பல் டாக்டர் ரிப்போர்ட்டில் 'மாமனாருக்கு வலிக்கிற பல் செட்' என்று ஒருவர் தேடியிருந்தார். வலிக்காத பல் செட்டா, வலிக்கிற பல் செட்டா, மாமனார் மேல் பாசமா, பழைய பகையா என்று மத்தியானச் சாப்பாடு முழுக்க அதிலேயே போனது. மனுஷன் பெண்டாட்டிகிட்டக்கூடப் பொய் சொல்வான், அந்தத் தேடுகிற பெட்டியில் மட்டும் சொல்லமாட்டான் என்பது அவர் கட்சி. யார் என்று யோசிக்காமல் ஒரு வார்த்தையைத் தள்ளுவது, கதவைத் தட்டுகிற ஆளின் முகம் பார்க்காமலே கதவைச் சாத்துகிற மாதிரி என்பார்.

அவரிடம் மன்னிப்பே இல்லாத குற்றம் ஒன்று உண்டு. நம்ம கஸ்டமரின் விளம்பரத்தை நாமே தொடக் கூடாது. மேனேஜர் ஒருதடவை சும்மா சோதிக்கிறேன் என்று ஒன்றைத் தொட்டுவிட்டார். நக்கோ அண்ணன் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மேனேஜர்தான் சமோசா வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

எனக்கென்று தனியாகக் கொடுத்த முதல் கஸ்டமர், விஷ்ராந்த்வாடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்திய ஒரு மராத்தி மேடம். ஐம்பதைத் தாண்டியவர், ஒற்றை ஆள், ஒரே ஒரு சிவப்புக் கார். இருபது வருஷமாக அந்தப் பக்கத்துக்கே அவர்தான் கற்றுக்கொடுத்தார். பெரிய பெரிய ஸ்கூல்கள் வந்த பிறகு அவரைத் தேடி வருகிறவர்கள் நின்றுபோனார்கள். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு மாதம் பார்ப்பேன், பத்துப் பேர் சேர்ந்தால் ஸ்கூல் இருக்கும், சேராவிட்டால் காரை விற்றுவிட்டு சாத்தாராவில் தம்பி வீட்டோடு போய்விடுவேன். சொல்லும்போது அவர் கை காரின் கூரையைத் தடவிக்கொண்டே இருந்தது.

முதல் வாரம் போன் மணி ஓயவே இல்லை. கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் டிரைவர் வேலை கேட்டார்கள். மீதிப் பேர் டெஸ்ட் இல்லாமல் லைசென்ஸ் கிடைக்குமா என்றார்கள். ஒரு பையன் கார் கேம் எப்படி டவுன்லோட் பண்ணுவது என்று கேட்டிருக்கிறான். மேடம் என்னைக் கூப்பிட்டு இந்தியில் விட்ட டோஸை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. நக்கோ அண்ணனிடம் ஓடினேன். அவர் இரண்டு நாள் உட்கார்ந்து வேலை, சம்பளம், கேம், வீடியோ என்று வண்டி வண்டியாகத் தள்ளினார். வேண்டாத போன்கள் நின்றன. மிஞ்சிய தேடல்கள் கொஞ்சம்தான். அதில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தன. வண்டி ஓட்ட பயமாக இருக்கிறது. நாற்பது வயதில் கற்றுக்கொள்ள பயம். கணவர் கத்துகிறார், ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பயம்.

மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. பயந்தாங்கொள்ளிகள் வந்தால் என் ஒரே காரை டிவைடர் மேல் ஏற்றிவிடுவார்கள், ஒருதடவை ஏற்றியே இருக்கிறார்கள், அந்த வார்த்தையைத் தள்ளு என்றார். மேனேஜரும் தள்ளு என்றார். நக்கோ அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இத தள்ளக் கூடாது."

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவர் வாயிலிருந்து அப்படி ஒன்றை நாங்கள் கேட்டதே இல்லை. அரை மணி நேரம் இந்தியில் மேனேஜரோடு வாதாடினார். அப்புறம் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "தேக், இத பாரு, பயமில்லாதவன் எதுக்கு மா ஸ்கூல் தேடப்போறான்? அவன் யார் வண்டியாவது எடுத்துகினு போயிகினே இருப்பான். பயப்படறவன்தான் கத்துக்க வருவான்."

மேனேஜர் அசையவில்லை. கஸ்டமர் சொன்னால் சொன்னதுதான் என்றார். வேலை என் பேரில் இருந்ததால் உத்தரவும் எனக்குத்தான் வந்தது. எனக்கும் வேலைக்கு வந்து ஆறு மாதம், எதிர்த்துப் பேசத் துப்பில்லை. இந்தி, மராத்தி, இங்கிலீஷ், தமிழ் என்று பயத்துக்கு எத்தனை வார்த்தை உண்டோ அத்தனையையும் பட்டியலில் போட்டேன். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பென்சிலை எடுத்து டிராயருக்குள் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஐந்து நாள் மேடத்துக்கு ஒரு போன்கூட வரவில்லை. மாதம் முடியப் பதினோரு நாள்தான் பாக்கி. மேடம் இப்போது கத்தவில்லை. காரைப் பார்க்க ஒரு ஆள் வந்துவிட்டுப் போனான் என்று மெதுவாகச் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது. என்ன தப்பு செய்தேன் என்று பழைய ரிப்போர்ட்டை எடுத்து, அண்ணன் மாதிரியே ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நடுவில் ஒரு வரி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: 'வண்டி ஓட்ட பயம் 46 வயசு டிரைவிங் கிளாஸ் விஷ்ராந்த்வாடி'. பக்கத்தில், விளம்பரத்தைத் தொட்டது ஒருமுறை.

அந்தப் பன்னும், பன்னிரண்டு பேர் கைதட்டியதும் எனக்கு ஞாபகம் வந்தன. மழையில் குடையோடு நடந்துபோன முதுகும் ஞாபகம் வந்தது. தொடக் கூடாது என்று ஊருக்கே சட்டம் போட்ட மனிதர், தானே தொட்டிருக்கிறார்.

யாரிடமும் கேட்காமல் பயத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். விளம்பரத்திலும் முதல் வரியை மாற்றினேன்: வண்டி ஓட்ட பயமா? வாங்க, மெதுவாகவே கற்றுக்கொள்ளலாம். மேனேஜர் திட்டினால் திட்டட்டும், வேலை போனால் கோயமுத்தூருக்கு ரயில் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாளே ஊரின் மறுபக்கம், பாணேரிலிருந்து ஒரு அம்மா மேடத்தைக் கூப்பிட்டார். வாசலில் ஆறு வருஷமாகக் கார் நிற்கிறது, தினமும் துடைப்பதோடு சரி என்றாராம். அப்புறம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அப்புறம் டெஸ்டில் மூன்று தடவை அழுதுவிட்ட ஒரு பெண். உலகத்துப் பயந்தாங்கொள்ளிகளெல்லாம் என்னிடமே ஏன் வருகிறார்கள் என்று மேடம் அலுத்துக்கொண்டார். ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. மேனேஜர் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். ஒன்பது பத்தாகாதா என்று கெஞ்சிப் பார்த்தேன். மேடம் பிடித்த பிடியை விடவில்லை. பத்து என்றால் பத்துதான், காருக்கு ஆள் திங்கட்கிழமை வருகிறான் என்றார்.

ரிப்போர்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். அண்ணன் இஞ்சி இல்லாத, ஏலக்காய் இல்லாத, சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன்.

"ஏனுங்ணா, இவரு யாருங்ணா? நக்கோவுல போட்டுறட்டுங்களா?"

அவர் அந்த வரியைப் படித்தார். காது மடல் சிவந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இருபது வயதில் அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆலந்தி ரோட்டுக்கு வந்தாராம். சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. "பிரேக்கு தெரியும், கிளட்ச்சு தெரியும். பின்னாடி ஹார்ன் அடிச்சா மட்டும் கையும் காலும் மரத்துப்பூடுது மா. வண்டிய அங்கயே வுட்டுட்டு நடந்து வந்துட்டேன்." அன்றிலிருந்து பஸ். என் கட்டைவிரலை நான் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

பேப்பரை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"தள்ளாத. அவரு நாளைக்கு காலையில போவாரு."

போனார். மேடம் அவரைப் பத்தாவது பெயராக எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை வந்த ஆளிடம் 'விற்பது நக்கோ' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். ஸ்கூல் இன்றைக்கும் இருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் அந்தப் பக்கமாக ஸ்கூட்டரில் போனபோது, ஆலந்தி ரோட்டு சிக்னலில் பச்சை விழுந்தும் ஒரு சிவப்புக் கார் நகராமல் நின்றது. பின்கண்ணாடியில் 'எல்' எழுதியிருந்தது. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த தலையின் வழுக்கையை எனக்கு நன்றாகத் தெரியும். பின்னால் ரிக்ஷா, டெம்போ, பஸ் எல்லாம் சேர்ந்து அலறின. நான் என் வண்டியைக் குறுக்கே திருப்பி, அந்தக் காருக்கும் அவர்களுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினேன். மறுபடி சிவப்பு விழுந்து, மறுபடி பச்சை விழுந்து, அண்ணன் மெல்ல நகர்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.