கருங்கோட்டைக்கு ஐந்து பேர்

நான்காம் பாகத்திலும் பழைய ஆட்களை விட்டுவிட்டுத் தனியே கோட்டைக்குள் கால் வைப்பதில்லை என்று கிருபாகரன் சபதம் செய்திருந்தார். பீஷ்மருக்குக்கூடச் சபதத்தைக் கேட்க ஆள் இருந்தது. இவருக்கு ஒரு கணினியும், காது கொடுக்காமல் அதைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி கனிமொழியும்தான்.

'கருங்கோட்டை' என்பது கல்லூரி விடுதியில் அவரைத் தொற்றிக்கொண்ட கணினி விளையாட்டு. ஆறு வீரர்களை உருவாக்கி, பெயரிட்டு, வளர்த்து, சுரங்கம் சுரங்கமாக அழைத்துப் போக வேண்டும். ஒரு பாகத்தில் வளர்த்தவர்களை அடுத்த பாகத்திற்கும் அப்படியே கூட்டிப் போகலாம் என்பது அந்த வரிசையின் தனிப்பெருமை. கிருபாகரன் ஒருவனுக்குத் தம் பெயரையும், மற்ற ஐவருக்கு விடுதித் தோழர்களின் பெயரையும் வைத்தார். பிறகு ஆவடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. குடியிருப்பில் வீடு, திருமணம், ஒரு மகள். மகளும் வளர்ந்து புனேவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். தோழர்கள் ஐவரும் சிதறி, பொங்கல் வாழ்த்துப் படங்களாகச் சுருங்கிப் போனார்கள். கணினிக்குள் மட்டும் அறுவரும் பிரியவில்லை.

நெடுங்காலம் கழித்து நான்காம் பாகம் வந்த அதே ஞாயிற்றுக்கிழமை, கனிமொழியின் தம்பி பாஸ்கரன் பாரிவாக்கத்தில் புதுமனை புகுந்தான். கோட்டையா, மைத்துனன் வீடா என்று வந்தபோது கிருபாகரன் தம் முழங்காலைப் பலியிட்டார்.

"கனி, கால ஊன முடியல. முட்டில புடிச்சுக்கிச்சு."

"எந்த முட்டிங்க?"

"ரெண்டும்னு வச்சுக்கயேன்."

"வச்சுக்கிறேன். நேத்து பரண் மேல ஏறி ஸ்பீக்கர் எடுத்தீங்களே?"

"அப்பதான் புடிச்சுது."

"சரி, படுத்திருங்க. பாஸ்கரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

இவ்வளவு எளிதாக விடுதலை கிடைத்தால் மனிதன் சந்தேகப்பட வேண்டும். கிருபாகரன் சந்தேகப்படவில்லை. ஆட்டோவின் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் இரண்டு முழங்கால்களும் குணமாயின.

பழைய ஆட்களைக் கூட்டி வரும் பொத்தானை அழுத்தினார். ஐவரும் வந்தார்கள்; ஆனால் கிழவர்களாக வந்தார்கள். புதுப் பாகத்தைச் செய்தவர்கள் காலத்தை ஓடவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு வீடும் கொடுத்து ஓய்வில் அமர்த்தியிருந்தார்கள். கோடாலி வீரன் அமல்ராஜின் கதவைத் தட்டினால், "முட்டி வலிக்கிறது, நீ போய் வா" என்றான். கிருபாகரனுக்கு அது தம்மைக் குத்திச் சொன்னதாகவே பட்டது. வில்லாளி வீராசாமி மனைவி விடமாட்டாள் என்றான். லட்சுமணன் கதவைத் திறந்தான், மறுபடி சாத்திக்கொண்டான். கோகுல்நாத்தும் விஷ்ணுவும் அதுகூடச் செய்யவில்லை. முந்தைய மூன்று பாகங்களிலும் எவன் என்ன பேசினாலும் படிக்காமல் பொத்தானைத் தட்டி நகர்வதே கிருபாகரனின் வழக்கம். இப்போதும் தட்டினார். கதவுகள்தான் சாத்திக்கொண்டன. வேறு வழியின்றித் தனியே சுரங்கத்தில் இறங்கியவரை, வாசலிலேயே இரண்டு பெருச்சாளிகள் கொன்றுபோட்டன.

நியாயம் கேட்க ஒருவர் வேண்டுமே. அசல் அமல்ராஜ் கொரட்டூரில்தான் இருந்தான். ரயிலேறினால் அரை மணி நேரம்கூட ஆகாது, கிருபாகரன்தான் ஏறியதில்லை. போன் போட்டார்.

"அலோ, யார் பேசறது?"

"நான்தான்டா, கிருபா."

"எந்த கிருபா? ஆங், ஆஸ்டல் கிருபாவா. இன்னா மச்சான், திடீர்னு? ஊட்ல எல்லாம் நல்லாகீறாங்களா?"

"கருங்கோட்டை நாலாவது வந்திருக்குடா. உன்னைக் கூப்பிட்டா வரமாட்டேங்கிற."

"எப்பப்பா கூப்ட்ட? எனுக்கு போனே வர்லியே."

"கேம்லடா. கோடாலி வச்சிருப்பியே."

"இன்னும் அத்தையே ஆடிகினு கீறியா நீ? சரி மச்சான், ஒரு சாவுக்கு வந்துகீறேன். அப்பால பேசறேன்."

யார் இறந்தது என்று கேட்டிருக்க வேண்டும் என்பது, இணைப்பு அறுந்த பிறகே கிருபாகரனுக்குத் தோன்றியது. மறுபடி போன் போடக் கூச்சமாக இருந்தது. திரையில் அவருடைய வீரன் கேடயத்துடன் சத்திரத்து வாசலில் உயிர்த்தெழுந்து நின்றான். வீட்டில் மின்விசிறியைத் தவிர எதுவும் பேசவில்லை.

மதியம் ஆட்டோ சத்தம் கேட்டதும் பாய்ந்து கட்டிலில் விழுந்தார். கனிமொழி சாப்பாட்டுத் தூக்குடன், உப்பும் புளியும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய பத்தும் கொண்டுவந்திருந்தாள். இரண்டு முழங்கால்களுக்கும் சுடச்சுட அப்பித் துணி சுற்றினாள்.

"தானா காஞ்சு உதிரணும். அதுவரைக்கும் மடக்கக் கூடாது. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"கருங்கோட்டையக் கெடுத்துட்டானுங்க கனி. யாரும் கூட வரமாட்டேங்கிறானுங்க."

ரசிகர் குழுவில் கண்டனம் எழுதப்போவதாகச் சொன்னார். அப்போதுதான் ஒரு திட்டம் பிறந்தது. விளையாட்டையே தொட்டறியாத ஒருவர் தோற்றால், குற்றம் விளையாட்டினுடையது என்று நிரூபித்துவிடலாம்.

"நீ புதுசா ஆரம்பிச்சுப் பாரேன். உன்னாலயே முடியலேன்னா அவனுங்க மேலதான் தப்பு."

"எனக்குத் தெரியாதே."

"அதுதான் வேணும்."

கனிமொழி தன் பெயரிலேயே ஒரு தலைவியை உருவாக்கிக்கொண்டு, பழைய ஆட்களின் பொத்தானை அழுத்தினாள். கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தவருக்கு அவள் முதுகு மட்டுமே தெரிந்தது.

"அமல்ராஜுக்கு முட்டி வலியாம்."

"தட்டிட்டு நகரு."

"எத்தனை நாளாங்கன்னு கேட்டேன். ஏதோ பச்சிலை சொல்றார். பறிச்சுக் குடுத்துட்டு வரேன்."

"கருங்கோட்டைல அதெல்லாம் கிடையாது. வெட்டணும், போகணும்."

"வந்துட்டார்."

"யாரு?"

"அமல்ராஜ். கோடாலியோட என் பின்னாடி நிக்கிறார். நிஜ அமல்ராஜுக்கு அக்கா தவறிட்டாங்க, தெரியுமா? அவர் வீட்டம்மா காலைல போன்ல சொன்னாங்க. நாளைக்கு ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம்."

கிருபாகரன் கூரையைப் பார்த்தார். அவன் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அவர்.

"நாளைக்குள்ள முட்டி சரியாயிடும்" என்றார்.

"தெரியும்" என்றாள் கனிமொழி.

வீராசாமியை அவள் கேட்கவே இல்லை; அவன் மனைவியிடம் பேசினாள். கோகுல்நாத்தின் கன்றுக்குட்டியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். விஷ்ணுவின் வீட்டில் உட்கார்ந்து அவன் கதை முழுவதையும் வாய்விட்டுப் படித்தாள். லட்சுமணன், அவள் மூன்றாவது முறை போனபோதுதான் வாயைத் திறந்தானாம்.

"என்ன சொன்னான்?"

"எல்லாரும் சண்டைக்குத்தான் கூப்பிடறாங்கன்னு வருத்தப்பட்டார். பாவம்."

தோற்க வேண்டியவள் இப்படித் தொடர்ந்து ஜெயித்தாள். பெருச்சாளிகள் இரண்டையும் அமல்ராஜ் ஒரே வெட்டில் சாய்த்ததாகவும் தகவல் வந்தது. கண்டனத்தின் முதல் வரி கிருபாகரனின் மனத்திலேயே செத்தது. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்றால், பத்து இன்னும் ஈரமாக இருந்தது.

வெகுநேரம் பொறுத்துக் கேட்டார். "சத்திரத்து வாசல்ல ஒருத்தன் நிப்பானே, கேடயம் வச்சுக்கிட்டு?"

"உங்க பேர் போட்டவர்தானே? பார்த்தேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"நான் வாயே திறக்கல. அதுக்குள்ள மூட்டையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டார்."

கிருபாகரன் தலையணையில் சற்று நிமிர்ந்துகொண்டார்.

"அப்புறம்?"

"என்கூட வர அஞ்சு பேருக்குத்தாங்க இடம்."