ஊரிலேயே மெதுவான வக்கீல்

வீடு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் நல்ல வக்கீலைத் தேடுவார்கள். நான் மட்டமான வக்கீலைத் தேடி ஒரு வாரம் அலைந்தேன். சாதாரண மட்டம் எனக்குப் போதாது. இன்று கொடுத்த காகிதத்தை அடுத்த வருஷம் பிரித்துப் பார்க்கிறவராக வேண்டும். முப்பது வருட இல்லறத்தில் நானே சொந்தமாக எடுத்த முதல் தீர்மானம் அது. அதனால் அதில் எந்தக் குறையும் வைக்க எனக்கு மனமில்லை.

காரணம், மச்சான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். நாற்பது வருஷம் ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இப்போது காருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார், கற்றுக்கொடுப்பதற்குக் கொடுக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆகவே குடும்பம் நடத்துவது எப்படி என்பதில் அவருக்குத் தெளிவான கருத்துகள் இருந்தன. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் நாற்காலியை விட்டு எழுந்ததும் "மாப்ளே, பின்னாடி பாத்துட்டு எழுந்திரு" என்றார். பின்னால் பார்த்தேன். சுவர் இருந்தது.

நாங்கள் இருந்த வாடகை வீட்டை நாலு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். மச்சானுக்கு அடுத்த வீட்டில் இருந்த பல் டாக்டர், மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி வீட்டை விற்க முன்வந்தார். இந்த இரண்டு செய்திகளும் என் மனைவி காதில் ஒரே நாளில் விழுந்தன. மறுநாள் அவளே போய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து, சாவகாசமாக என்னிடம் சொன்னாள்.

"ஏங்க, வீடு பாத்தாச்சு."

"எங்க?"

"அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துல."

"பக்கத்துலன்னா?"

"ஒரு செவுருதான் நடுவுல."

மச்சானின் குரலுக்கு ஒரு சுவர் எம்மாத்திரம்? காட்டிக்கொள்ளவில்லை.

"யோசிச்சியா நல்லா?"

"அண்ணனுக்கு அறுபத்தெட்டு ஆச்சுங்க. போன மாசம் குளியலறையில விழுந்து சாயங்காலம் வரைக்கும் கெடந்தாரு. ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்துல இருந்தா என் மனசுக்கு நிம்மதி."

'உன் நிம்மதி சரி, என் நிம்மதி?' என்று கேட்கலாம். கேட்டவர்கள் யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? என் மனைவி ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். ஒரு நாளைக்கு இருநூறு பேரைக் குரலை உயர்த்தாமல் உட்காரவைக்கிறாள். நானோ அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓரத்தில் சின்னதாக ஒரு குறி போடுவதுதான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தானே கூடாது? வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இழுத்தடிக்கலாமே! பத்திரம் சரிபார்க்க வக்கீல் வேண்டும். வக்கீல் தாமதித்தால் பல் டாக்டருக்குப் பொறுமை போகும். அவர் வேறு யாருக்காவது விற்றுவிடுவார். பழி வக்கீலுக்கு, விடுதலை எனக்கு.

"வக்கீலை நான் பாக்கறேன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"பெரிய தெருவுல ஒரு வக்கீலம்மா இருக்காங்க. மூணே வாரத்துல முடிச்சுக் குடுத்துடுவாங்களாம்."

"மூணு வாரமா? வீட்டு விஷயம்! அவசரமா படிச்சா எழுத்துப் பிழையே கண்ணுல படாது, வில்லங்கம் படுமா? இதுல எல்லாம் நீ தலையிடாதே."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரிங்க. உங்க இஷ்டம்."

என் இஷ்டமா? என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் அலைந்தும் சரியான ஆள் சிக்காமல், கடைசியில் முடிதிருத்துபவரிடம் போனேன். ஊரில் யார் தலை எப்படி என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"ஊர்லயே ரொம்ப மெதுவான வக்கீல் யாருப்பா?"

கத்தரிக்கோல் நின்றது. "மெதுவானவரா? வேணும்னு கேக்கறீங்களா, வேணாம்னு கேக்கறீங்களா?"

"வேணும்."

"அப்போ ஆமை வக்கீல்தான் சார். என்கிட்டதான் முடி வெட்டிக்க வருவாரு. நாலு முடி வெட்டினதும் கையைத் தூக்குவாரு. கண்ணாடியில பாத்து யோசிப்பாரு. அப்புறம் 'மேலே செய்யலாம்'னு சொல்வாரு. அவரு எழுந்து போறதுக்குள்ள மொதல்ல வெட்டின முடி மறுபடி வளந்துடும்."

"வேலை எப்படி?"

"சொந்தச் சித்தப்பா வீட்டுப் பத்திரத்தையே பதினோரு மாசம் பாத்தாரு சார். ஆனா ஒண்ணு, அவரு பாத்த பத்திரத்துல இதுவரைக்கும் ஒரு தகராறு வந்ததில்ல."

கடைசி வாக்கியம் என் காதில் விழவே இல்லை. பதினோரு மாசம் என்ற இடத்திலேயே நான் எழுந்து நின்றுவிட்டேன், பாதித் தலையோடு.

சனிக்கிழமை காலை ஆமை வக்கீல் அலுவலகத்துக்குப் போனோம். "நானும் வரேங்க" என்று மனைவியும் கிளம்பிவிட்டாள். தையல் கடைக்கு மேலே ஒரே அறை. தரையிலிருந்து கூரை வரை சிவப்பு நாடா கட்டிய கட்டுகள். நடுவில் கட்டோடு கட்டாக அவர். நாங்கள் உள்ளே போனபோது ஏதோ காகிதத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். யாரோ வாசலில் போட்டுவிட்டுப் போன பாத்திரக் கடை விளம்பரம். அதன் அடியில் இருந்த அச்சகத்தின் பெயர் வரை படித்து முடித்து, மடித்து, உறையில் போட்ட பிறகுதான் எங்களை உட்காரச் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மூலம் இருக்கா?" என்றார்.

எனக்கு முகம் சிவந்தது. "போன வருஷம் ஆபரேஷன் ஆயிடுச்சு சார்."

"மூலப் பத்திரத்தைக் கேக்கறாருங்க" என்று மனைவி பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

வக்கீல் அதைத் தொடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"வீட்டுக்கு வடக்கே என்ன?"

"என் மச்சான் சார்."

"அந்தப் பக்கம் வில்லங்கம் ஏதாவது உண்டா?"

"அவரேதான் சார் வில்லங்கம்."

'வடக்கு: வில்லங்கம்' என்று எழுதிக்கொண்டார். மனைவி முழங்கையால் என்னை இடித்தாள். அவர் அதை அடித்துவிட்டு, அடித்ததற்கு ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

"ஒண்ணும் அவசரமில்ல சார்" என்றேன். "நிதானமா பாருங்க. எவ்வளவு நாளானாலும் சரி."

அவர் கண் கலங்கியது போலிருந்தது. "இருபத்தாறு வருஷ தொழில்ல இப்படி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்ல."

கிளம்பும்போது மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "ஐயா, உங்க போன் நம்பர் குடுங்க. ஏதாவது காகிதம் வேணும்னா நான் கொண்டுவந்து தரேன்."

அதன் பிறகு என் வாழ்க்கையின் பொற்காலம் தொடங்கியது. பத்து நாளுக்கு ஒருமுறை வக்கீலிடமிருந்து கடிதம் வரும். கொய்யா மரத்தின் வேர் எந்தப் பக்கம்? சுற்றுச்சுவர் யார் கட்டியது? பழைய வரைபடத்தில் கழிவறை கிழக்கே இருக்கிறது, அது மேற்கே எப்போது நகர்ந்தது, எதற்காக? ஒவ்வொரு கடிதத்தையும் நான் சத்தமாகப் படிப்பேன். நடுநடுவே கவலைப்பட்டுப் பெருமூச்சு விடுவேன்.

"என்ன செய்யறது? சட்டம்னா சட்டம்."

"ஆமாங்க" என்பாள் மனைவி. துணி மடித்துக்கொண்டே இருப்பாள்.

பல் டாக்டரைத் தெருவில் பார்த்தால் நானே போய்ப் பேச்சுக் கொடுப்பேன். "உங்களுக்குத்தான் சங்கடம் டாக்டர். வேற நல்ல ஆள் வந்தா…"

"சேச்சே, பரவால்ல. வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்து இருக்கறவங்களைப் பாத்தே பழகினவன் நான். எனக்கென்ன அவசரம்?" என்பார், முப்பத்திரண்டையும் காட்டி.

இப்படியே நாலாவது மாதமும் முடிய வந்தது. ஒரு திங்கட்கிழமை நான் அச்சகத்திலிருந்து வந்தபோது கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"என்ன இது?"

"வீட்டுக்காரர் கொடுத்த கெடு வெள்ளிக்கிழமையோட முடியுதுங்க."

எனக்கு அந்த வெள்ளிக்கிழமை அப்போதுதான் ஞாபகம் வந்தது. மெய்ப்புத் திருத்துகிறவன்! ஊரான் புத்தகத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவன்!

"இப்ப… எங்க போறது?"

"அதான் அண்ணன் வீடு இருக்கே. முன் அறையை ஒழிச்சு வெச்சிருக்காரு. வக்கீல் முடிக்கற வரைக்கும்தானே? நீங்கதான் அவரை அவசரப்படுத்த வேணாம்னு சொன்னீங்க."

அடுத்த ஆறு வாரங்களை நான் எப்படிச் சொல்ல? மச்சான் வீட்டு முன் அறையில், 'நில்', 'பார்', 'ஒலி எழுப்பாதே' என்ற பழைய பலகைகளுக்குக் கீழே எங்கள் கட்டில். ஒலி எழுப்பாதே பலகை என் தலைக்கு நேர் மேலே. குறட்டைக்காகவே அதை அங்கே மாற்றியதாகப் பிறகு தெரிந்தது. காலையில் குளியலறைக்கு வேகமாகப் போனால், "மாப்ளே, திருப்பத்துல வேகம் குறை!" ஈரத் துண்டோடு வெளியே வந்தால், "எதிர்ல ஆள் வருதா பாத்தியா?" சாப்பிடும்போது என் கை மனைவியின் தட்டுப் பக்கம் கொஞ்சம் போனால், "கோட்டைத் தாண்டாதே!" ஒரு நாள் கனவில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் போட்டார். விழித்துப் பார்த்தால் நிஜமாகவே கட்டில் பக்கத்தில் நின்று, போர்வையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

நல்லவர்தான். தினமும் நான் எழுவதற்கு முன்னால் என் சைக்கிளுக்குக் காற்று அடித்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்திருப்பார். அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை. அது இன்னும் கொடுமை. மனைவியோ அண்ணனோடு சிரித்துப் பேசிக்கொண்டு, பத்து வயது குறைந்தவள் போல வளைய வந்தாள்.

ஜன்னல் வழியே அடுத்த வீட்டைப் பார்ப்பேன். அழகான வீடு! மச்சானுக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்! ஒன்பது அங்குலம் கனமான செங்கல் சுவர்! அந்தச் சுவரைக் காதலியைப் பார்ப்பது போலப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆறாவது வாரம் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வக்கீலிடம் ஓடினேன்.

"சார், பத்திரம் என்னாச்சு?"

"நிதானமா…"

"நிதானம் வேணாம் சார்! ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் படிங்க. புரியாத இடத்தை நான் படிச்சுச் சொல்றேன். அந்த வீடு எனக்கு வேணும்."

அவர் பேனா மூடியைத் திருகித் திறந்தார். "உங்களுக்கே வேணுமா?"

"உயிரே அதுல இருக்கு சார்."

"அப்போ அதைக் கைப்பட எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். 'இந்த வீட்டை நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன். ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்' என்று. பிழையில்லாமல்.

மூன்றாவது நாள் பதிவு! ஆமை வக்கீல் மூன்று நாளில்! முடிதிருத்துபவரிடம் சொன்னால் நம்பமாட்டார். கூட வந்த மச்சான் பதிவு அலுவலக வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தபோது மடியில் இருந்த காகிதக் கட்டைச் சும்மா புரட்டினேன். தொழில் புத்தி. வக்கீலின் அறிக்கை இருந்தது. 'பத்திரத்தில் யாதொரு குறையும் இல்லை. உடனே வாங்கலாம்.' அடியில் தேதி. தப்பு இருக்கிறதே என்று திருத்தப் பேனாவை எடுத்தேன். நாங்கள் அவரை முதலில் பார்த்த நாளிலிருந்து பத்தொன்பதாவது நாள் அது.

"இது என்ன தேதி?"

"சரியான தேதிதாங்க" என்றாள் மனைவி. "தினமும் சாயங்காலம் போய் அவரு எதிர்ல உக்காந்து முடிக்க வெச்சேன்."

"பத்தொன்பது நாளா! அப்போ அந்தக் கடிதமெல்லாம்?"

"நான் சொன்னேன், அவரு எழுதினாரு. மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாரு. 'எங்க வீட்டுக்காரருக்கு இந்த வீட்டுல இஷ்டமில்லங்கய்யா, அவரே வந்து வேணும்னு கேக்கறப்ப முடிச்சுக்கலாம்'னேன். அப்புறம்தான் ஒத்துக்கிட்டாரு."

"உனக்கு எப்படித் தெரியும், எனக்கு இஷ்டமில்லைன்னு?"

"பாதி முடி வெட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தீங்களே, எங்க போனீங்கன்னு போய்க் கேட்டேன்."

"பல் டாக்டர்?"

"அவருகிட்ட மொதல் வாரமே சொல்லிட்டேன்."

வக்கீலைப் பார்த்தேன். "சார், நான் உங்க கட்சிக்காரன்! இப்படிச் செய்யலாமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாங்கறவங்க அம்மாதானே சார்? முன்பணம் அவங்களது, கடன் அவங்க சம்பளத்துல, பத்திரம் அவங்க பேர்ல. என் கட்சிக்காரர் அவங்க."

அதற்குள் உள்ளேயிருந்து எங்களை அழைத்தார்கள். மனைவி போய்க் கையெழுத்துப் போட்டாள். பல் டாக்டர் போட்டார். மிச்சமிருந்தது நான்தான் என்று பேனாவோடு எழுந்தேன்.

எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் இருங்க, முதல் சாட்சி அவங்க அண்ணன், நீங்க ரெண்டாவது" என்றார்.