ஒன்பதாம் சர்வர் இருக்கும் இடம்

தலைநகர் பிஷ்கெக்கிலுள்ள பதிவேட்டுத் துறையிடம் நாற்பத்தொரு சர்வர் கணினிகள் இருந்தன. நாட்டில் யார் பிறந்தார், யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் அந்தச் சர்வர்களுக்குத் தெரியும். அந்தச் சர்வர்கள் எங்கே இருக்கின்றன என்பது துறை ஊழியர் மிர்குலுக்கு மட்டும் தெரியும்.

பெட்டிகளில் எண் ஒட்டவில்லையா என்று கேட்கலாம். ஒட்டினார்கள். பிறகு பெட்டிகளை இடம் மாற்றினார்கள், எண்களை மாற்றவில்லை. ஏதாவது பழுதென்றால் "ஒன்பதாம் சர்வர் கொதிக்கிறது" என்று எல்லார் கைபேசிக்கும் எச்சரிக்கை வரும். ரிப்பேர்காரர் எசென்தூர் உடனே மிர்குலுக்குப் போன் போடுவார். "அக்கா, ஒன்பது எங்கக்கா இருக்கு?" மிர்குல் சொல்வாள். அவர் ஓடுவார். பதினோரு கட்டடங்கள், ஆறு வருஷம், இப்படியே ஓடியது.

இதனால் மிர்குலுக்கு லீவு கிடையாது. அக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை. அப்பாவின் அறுபதாம் வயது விருந்துக்கும் போகவில்லை. இப்போது சொந்த ஊர் கராகோலில் தம்பிக்குக் கல்யாணம். இதற்கும் போகாவிட்டால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? எச்சரிக்கையிலேயே இடத்தையும் சேர்த்துவிட்டால் தன்னை யாரும் தேட மாட்டார்களே என்று நான்கு வரியில் ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். பாவம், எழுதியிருக்கக் கூடாது.

இயக்குநர் தொலோகன் மனுவைப் படித்து உருகிப்போனார். "இடங்கண்டறிதல் ஒருங்கிணைப்பு உயர்மட்டக் குழு" உடனடியாக அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்திலேயே சண்டை. பிஷ்கெக்கில் தெருவுக்குத் தெரு மூன்று பெயர். சோவியத் காலத்துப் பெயர், பிறகு வைத்த பெயர், போன வருஷம் மாற்றிய பெயர்.

"பழைய ரொட்டித் தொழிற்சாலைக்கு மேலேன்னு போடுங்க, குழந்தைக்கும் புரியும்" என்றார் கணக்கு அதிகாரி. இந்த ஊரில் மலைப் பக்கம் போனால் மேலே, மற்றப் பக்கம் கீழே.

"அந்தத் தொழிற்சாலையை இடிச்சு இருபது வருஷம் ஆச்சேய்யா!"

"இடிச்சா என்ன? எல்லாருக்கும் தெரியுமில்ல!"

யார் மனமும் நோகாமல், எல்லாப் பெயரையும் போடுவதென்று தீர்மானமானது. அடுத்த வாரம் எசென்தூருக்கு வந்த குறுஞ்செய்தி குடியரசின் பெயரில் தொடங்கி, மாநகரம், வட்டம், தெருவின் மூன்று பெயர்கள், ரொட்டித் தொழிற்சாலை என்று நீண்டு, சர்வர் எண் வருமுன்பே இடம் தீர்ந்துபோய் நின்றுவிட்டது.

எசென்தூர் போன் போட்டார். "அக்கா, தெருவுக்கு வந்துட்டேன். தெருவுக்கு என்னக்கா கோளாறு? நல்லாத்தானே இருக்கு?"

குழு மீண்டும் கூடியது. இந்த முறை அறிவியல்பூர்வமாக ஆராய்ந்தார்கள். பழுது வந்தால் நடைமுறையில் இடம் எங்கே கிடைக்கிறது? மிர்குலிடம். அப்படியானால் நாற்பத்தொரு சர்வர்களின் இடமும் மிர்குல்தான். ஆனால் ஆளின் பெயரை இடமாகப் போட விதியில் வழியில்லை. ஆகவே மிர்குலின் கைபேசி எங்கே இருக்கிறதோ, அந்த இடம் எச்சரிக்கையில் தானாகவே ஏறும்படி செய்தார்கள். மிர்குல் எப்போதும் அலுவலகத்தில்தானே இருக்கிறாள்! இனி அவளுக்குப் போன் போட்டு இடம் கேட்பது ஒழுங்குமீறல் என்றும் ஆணை வந்தது.

"இனி நீ இல்லாமலே எல்லாம் நடக்கும்மா" என்று தொலோகன் மகிழ்ச்சியோடு லீவுத் தாளை எடுத்துக் கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தார். "உனக்கு ஏதாவது சொல்லணுமா?"

மிர்குலுக்கு ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. கைபேசி கராகோலுக்குப் போனால் நாற்பத்தொரு சர்வர்களும் கூடவே வரும். வாயைத் திறந்தால் லீவு போய்விடும்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றாள்.

கையெழுத்து விழுந்தது.

சனிக்கிழமை மத்தியானம், கராகோல் மண்டபத்தில் ஆட்டுக்கறி மணக்க மணக்க விருந்து நடந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மேலே, கொதிக்கும் சர்வரை ஆற்றப் பெரிய குளிர்சாதனப் பெட்டி. உள்ளேயிருந்து எசென்தூர் இறங்கினார், குழு உறுப்பினர்கள் மூன்று பேர் இறங்கினார்கள், புதிய முறையில் வந்த முதல் எச்சரிக்கையை நேரில் பார்க்க ஆசைப்பட்ட தொலோகனும் இறங்கினார். பிஷ்கெக்கிலிருந்து நானூறு கிலோமீட்டர்.

"எங்கம்மா ஒன்பதாம் சர்வர்?"

மிர்குலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா... அது பிஷ்கெக்குல, உங்க நாற்காலிக்கு நேர் கீழ் ரூம்லயில்ல இருக்கு!"

"எனக்கு அப்பவே சந்தேகம்கா" என்று எசென்தூர் முணுமுணுத்தார். "உன்னைக் கேட்டா ஒழுங்குமீறலாம்."

தொலோகன் தன் கைபேசியை மிர்குலிடம் நீட்டினார். "செய்தி எந்த இடத்தைச் சொல்லிச்சு?"

"இந்த இடத்தைங்க ஐயா."

"நாங்க வந்தது?"

"இந்த இடத்துக்குத்தான்."

"அப்போ முறையில தப்பே இல்லையே!" குழு உறுப்பினர் ஒருவர், துல்லியம் நூற்றுக்கு நூறு என்று குறித்துக்கொண்டார்.

கல்யாண வீட்டுக்கு வந்தவர்களை நிற்க வைத்துப் பேசலாமா? மிர்குலின் அப்பா அழைத்துப்போனார். அந்த ஊர் விருந்து வழக்கப்படி, மரியாதைக்குத் தக்க யார் வாசலிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும், யாருக்கு எந்த எலும்புத் துண்டு போக வேண்டும் என்பதில் ஒரு சின்னத் தகராறுகூட இல்லை. ஒரு நிமிஷத்தில் வந்த ஐந்து பேரும் பதவி வாரியாக, அங்குலம் பிசகாமல், அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

அப்போதுதான் பதிவு அலுவலகத்துக்குப் போன தம்பியும் புதுப்பெண்ணும் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள்.

"அக்கா, எங்க கல்யாணத்தைப் பதிய முடியாதாம். ஒன்பதாம் சர்வர் எரிஞ்சே போச்சாம்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மிர்குல் தலையில் அடித்துக்கொண்டாள்.

தம்பிதான் அவளைத் தேற்றினான். "கவலைப்படாதக்கா. ரிப்பேர் ஆளுங்க எல்லாரும் சம்பவ இடத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க."

சம்பவ இடத்தில் தொலோகன் மணமக்களை வாழ்த்திப் பேசக் கோப்பையோடு எழுந்துகொண்டிருந்தார்.